உப்பு வெளியேறாத சாரக்கட்டு: என் அனுபவம்

திசு வளர்ப்புக்கான நுண்துளைச் சாரக்கட்டுகளை (செல்கள் ஒட்டி வளரும் தாங்கிகளை), பாலிமரில் உப்பு மணிகளைக் கலந்து, பின் அவற்றை நீரில் கரைத்தெடுத்துத் துளைகளாக்கும் முறையில் செய்துவந்தேன். 250 முதல் 425 மைக்ரான் வரை சலித்த சோடியம் குளோரைடையும் (உப்பு), குளோரோஃபார்மில் கரைத்த பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமரையும் எடையில் 9:1 என்ற விகிதத்தில் கலந்து அச்சில் ஊற்றி, உப்பை நீக்கினால், கணக்குப்படி ஏறத்தாழ 83 விழுக்காடு வெற்றிடம் கிடைக்க வேண்டும். ஆனால் மூன்று நாள் நீரில் ஊறிய பிறகும், பாலிமர் மட்டும் மிஞ்சி 0.2 கிராம் இருக்க வேண்டிய என் சாரக்கட்டு வில்லை 0.31 கிராம் இருந்தது.

பிளேடால் குறுக்கே வெட்டியபோதுதான் காரணம் புலப்பட்டது: மேற்பரப்பில் பளபளப்பான தோல் படிந்திருந்தது, உள்ளே பாலிமர் முழுவதுமாகச் சூழ்ந்துகொண்ட உப்பு மணிகள் தனித்தனியே சிறைப்பட்டிருந்தன.

தோலைப் போக்குவது எளிது. அச்சை மூடி, குளோரோஃபார்ம் மெதுவாக ஆவியாகும்படி செய்தேன். மணிகளை இணைப்பதற்கோ, பாலிமரை ஊற்றுவதற்கு முன்பே உப்பை மட்டும் அச்சில் நிரப்பி, காற்றை ஈரமாக வைத்திருக்க நிறைவுற்ற பொட்டாசியம் சல்பேட் கரைசல் வைத்த மூடிய பெட்டியில் 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தேன். அந்த ஈரத்தில் மணிகள் தொடும் இடங்களில் சற்றே கரைந்து ஒட்டின (கல்லுப்பு மழைக்காலத்தில் கட்டிபிடிப்பது போலத்தான்). நன்கு உலர்த்திய பின்னரே பாலிமர் கரைசலை ஊற்றினேன். ஈரம் மிஞ்சினால் பாலிமர் வெள்ளையாகப் பிரிந்துவிடும்.

பிறகு வில்லையை நீரில் ஊறவைத்து, ஆறு மணி நேரத்துக்கொருமுறை நீரை மாற்றினேன். இரண்டாம் நாள் மாலை, வடித்த நீரில் உப்பு இருந்தால் கலங்கச் செய்யும் வெள்ளி நைட்ரேட் துளியை விட்டபோது கலங்கல் எழவில்லை. வில்லையின் எடை 0.2 கிராமுக்கு இறங்கியிருந்தது.