கள்ளுக்கு நேரம் உண்டு: பிடோரிலிருந்து பாகான் டத்தோ வரை கேம்பர்வேனில் இரண்டு நாள்

தீபகற்ப மலேசியாவில் ஊர் ஊராகப் போய் ஒயின் ருசிக்க வழியில்லை. பீர் ஆலைகள் ஷா ஆலாமிலும் சுங்கைவேயிலும் இருக்கின்றன. தோட்டப் பக்கத்துக்கே சொந்தமான பானம் தென்னங்கள் ஒன்றுதான். அதற்குத் தென்னை வேண்டும். பேராக் மாநிலத்தின் பிடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, லங்காப், தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் என்று செம்பனைக்கு நடுவே ஓட்டினால் தென்னைக்குப் பெயர்போன பாகான் டத்தோ வந்துவிடும். ஒரு வழி நூறு கிலோமீட்டர் சுமார். படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேம்பர்வேனில் அதை இரண்டு நாளாக இழுப்பதுதான் நோக்கம்.

திட்டத்தைக் கள்ளிலிருந்து போடுங்கள். பாளையைச் சீவிக் காலையும் மாலையும் இறக்குவார்கள். சொட்டும்போது அது இனிப்பு நீர்தான். காற்றிலும் கள் இறக்கும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் புளிப்பும் போதையும் ஏறி, நான்கைந்து சதவீதம் வரை ஆல்கஹால் சேரும். ஒரு நாள் கடந்தால் காடியாக மாறத் தொடங்கும். ஆகவே கடைக்குப் போனதும் கேட்க வேண்டியது விலையை அல்ல. "அண்ணே, இது காலைக் கள்ளா, நேத்துக் கள்ளா?" என்று கேளுங்கள். நண்பகல் வாக்கில் காலைக் கள் கிடைத்தால் இனிப்பும் புளிப்பும் சமமாக இருக்கும். மூக்கில் காடி வாடை அடித்தால் பழையது. தண்ணீராக ஓடி, நாக்கில் வெறும் சீனி மட்டும் தங்கினால் கலப்படம், விட்டுவிடுங்கள். உரிமம் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் சம்சு என்ற காய்ச்சிய சாராயத்தின் பக்கமே போக வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் பலர் இறந்தார்கள். குடித்து அரை நாளோ ஒரு நாளோ கழித்துப் பார்வை மங்கினால் அது மெத்தனாலின் அடையாளம். தூங்கினால் சரியாகும் என்று காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேனில் கள்ளை எடுத்துப்போகிறவர்கள் செய்யும் தவறு, மூடியை இறுக்குவது. நொதிக்கிற கள் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். வெயிலில் நிற்கும் வேனில் கண்ணாடிப் பாட்டில் வெடிக்கும். 1.5 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றி, மூடியைக் கால் சுற்று தளர்த்தி, வாளியில் நிமிர்த்தி வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் நொதிப்பு மெதுவாகும், நிற்காது.

அடுத்தது கணக்கு. 2020 அக்டோபரிலிருந்து ஓட்டுநருக்கான வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 50 மில்லிகிராம், ஊதும் கருவியில் 100 மில்லி மூச்சுக்கு 22 மைக்ரோகிராம். 320 மில்லி பீர் டின் ஒன்றில் ஏறக்குறைய 12 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நான்கு டின் குடித்த 65 கிலோ ஆளுக்கு அளவு நூறைத் தாண்டிவிடும். உடம்பு மணிக்குப் பத்து, பதினைந்து மில்லிகிராம்தான் கழிக்கும். இரவு பதினொன்றுக்கு நிறுத்தினாலும் காலை ஆறுக்கு மிச்சம் இருக்கும். "கள்ளுதானே" என்பவர்களுக்கு: ஒன்றரை லிட்டர் கள்ளும் நான்கு டின் பீரும் ஏறத்தாழ ஒன்று. ஆக, வண்டியை அன்றைய இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் முதல் கோப்பை. இல்லையென்றால் ஓட்டுகிற ஆளை முந்தின நாளே ஒதுக்கிவிடுங்கள். மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

வாடகைக்கு எடுக்கும்போது ஒன்றை முதலிலேயே கேட்டுவிடுங்கள்: மதுவும் பன்றிக்கறியும் வேனுக்குள் கூடுமா? உரிமையாளர் முஸ்லிமாக இருந்தால் கூடாது என்பார், அதில் நியாயம் உண்டு. ஒப்புக்கொண்டாலும் தட்டு, சட்டி, குளிர்பெட்டியெல்லாம் உங்களுடையதாகக் கொண்டுபோவது மரியாதை. சுராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகை இடம்) பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கோப்பையைத் திறக்காதீர்கள். வெறும் எடை 3,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரணக் கார் ஓட்டும் டி லைசன்ஸ் போதும். சொந்த வேனில் கட்டில், அடுப்பு பொருத்துவதானால் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும்.

மின்சாரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 1,280 வாட்-மணி தரும். 40 லிட்டர் கம்ப்ரசர் குளிர்பெட்டி நம் வெயிலில் ஒரு நாளைக்கு 500 முதல் 700 வரை தின்னும். மின்விசிறி இரவு முழுக்க ஓடினால் 160 போகும். அதாவது ஒன்றரை நாள். அதே பேட்டரியில் ஏர்கோன் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் இருட்டுதான். ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் இரண்டு மணி ஓட்டத்தில் பாதிக்கு மேல் நிரம்பும். ஈய-அமில பேட்டரி என்றால் அதிலிருந்து எடுக்கக்கூடிய மின்சாரத்தைப் பாதியாகக் கணக்கிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர். அடுப்புக் கேஸ் டின்னை வெயிலில் பூட்டிய வேனில் விட வேண்டாம்.

நிறுத்தும் இடம்: தோட்ட ரோடு தனியார் நிலம். வாசலில் காவலரிடம் சொல்லாமல் நுழையாதீர்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் விடியும் முன்னே வரும், வழியை மறிக்கக் கூடாது. செம்பனை மட்டை வெட்டிப் போட்டிருக்கும் ஓரத்தில் டயரை ஏற்றாதீர்கள். அடிமட்டையின் இரு பக்கமும் விரல் நீளக் கறுத்த முள் இருக்கும். டயரின் பக்கவாட்டில் ஏறினால் ஒட்டுப்போட முடியாது. மழைக்குப் பிறகு செம்மண் மேட்டில் ஏறவே வேண்டாம். தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தைப் பாருங்கள்: 1885இல் கட்டியது, வெளியே எட்டு மாடி, உள்ளே மூன்றுதான், மென்மையான மண்ணில் சாய்ந்து நிற்கிறது. உங்கள் ஜாக்குக்குக் கீழேயும் அதே மண்தான். ஓரடிச் சதுரப் பலகை ஒன்று போடுங்கள். கடலோரம் படுப்பதானால் பெருக்கு நேரத்தைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

சாப்பாடு வழியிலேயே இருக்கிறது. பிடோரில் கொய்யாவும் பெத்தாயும் (வாடை மிகுந்த ஒருவகைப் பச்சை அவரை) வாங்குங்கள். பெத்தாயைக் காகிதத்தில் சுற்றித் தனி டப்பாவில் வைக்காவிட்டால் குளிர்பெட்டி முழுக்க அதன் வாடைதான். தெலுக் இந்தானில் சீ சியோங் ஃபன் என்ற ஆவியில் வேகவைத்த அரிசிமாவுச் சுருள்: உலர்ந்த இறால் சேர்ப்பார்கள், சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், மாவு இறுகி ரப்பராகிவிடும். அன்றைக்கே ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துத் தின்றுவிடுங்கள். கள்ளுக்கு ஏற்றது பெத்தாய் சம்பாலும் காரமான வறுவலும்தான். இனிப்புப் பலகாரம் வேண்டாம்.

மிஞ்சிய கள்ளைக் கொட்ட வேண்டியதில்லை, ஆப்பம் சுடலாம். இரண்டு கப் பச்சரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கப் தேங்காய்த் துருவலோடு அரைத்து, அரை கப் கள் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். நிறுத்திய வேனிலேயே பொங்கி வழியும். காலையில் உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் போட்டு, ஆப்பச் சட்டியைச் சுழற்றுங்கள்.