டர்பன் சூட்டில் வீட்டு பியர்: பிளாஸ்டிக் வாளியா, கண்ணாடிக் குடுவையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ வீட்டில் முதல்முறை பியர் போடப் போகிறீர்கள் என்றால் பிளாஸ்டிக் வாளி வாங்குங்கள். கார்பாய் எனப்படும் கண்ணாடிக் குடுவை பார்க்க அழகுதான். உள்ளே நுரை பொங்குவதை வேடிக்கை பார்க்கலாம். ஆனால் டர்பன் பக்கம் பியரைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. கண்ணாடிக்குக் கொடுக்கும் காசைக் குளிர்ச்சிக்குச் செலவழித்தால் பியர் நன்றாக வரும்.

20 முதல் 23 லிட்டர் பியருக்கு 28 அல்லது 30 லிட்டர் வாளி வேண்டும். நுரை எழும்ப மேலே 4, 5 லிட்டர் இடம் காலியாக இருக்கட்டும். வாளியின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக். அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், பெயின்ட் வாளியிலும் அது இருக்கும். உணவுக்கு உகந்தது என்று காட்டும் மதுக்கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறியைத் தேடுங்கள். 2020 ஊரடங்கில் மது விற்பனை தடைபட்டபோது கைக்குக் கிடைத்த வாளியில் எல்லாம் அன்னாசி பியர் போட்டவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் தொடர வேண்டாம்.

அச்சார் வந்த வாளி இலவசமாகக் கிடைக்கும், உணவு வாளிதானே என்றும் தோன்றும். எண்ணெயும் வெந்தயமும் மசாலாவும் பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டால் எளிதில் போகாது. சந்தேகம் இருந்தால் கழுவிக் காயவைத்து, மூடியை இறுக்கி ஒரு நாள் வைத்துவிட்டுத் திறந்து மோந்து பாருங்கள். லேசாக மாங்காய் வாடை வந்தாலும் அது பியரில் ஏறும்.

வாளியின் பெரிய எதிரி கீறல். கீறலுக்குள் பாக்டீரியா தங்கிவிட்டால் கிருமிநாசினி அங்கே சரியாக எட்டாது. அடுத்தடுத்த பியரெல்லாம் புளித்த மோர் போலாகும். மெல்லிய ஸ்பாஞ்சால் மட்டும் கழுவுங்கள். இரும்பு நார், பச்சைத் தேய்ப்பான் இரண்டும் ஆகாது. கரண்டி, குழாய், பாட்டில்களை உள்ளே போட்டு வைப்பதும் கூடாது. உட்புறத்தை விரல் நகத்தால் தடவும்போது தட்டுப்பட்டால் அந்த வாளியைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுப் புதிது வாங்குங்கள், விலை அதிகமில்லை.

அடியில் குழாய் வைத்த வாளி பாட்டிலில் ஊற்ற வசதி. ஆனால் குழாயின் மரைக்குள்ளும் வாஷருக்கு அடியிலும் மண்டி தங்கும். ஒவ்வொரு முறையும் கழற்றிப் பிரித்துக் கழுவுங்கள். பியர் ஊற்றுவதற்கு முன்பு தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்து ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாளி மூடி நூறு சதவீதம் இறுகாது. அதனால் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் தண்ணீர் அடைப்பு) குமிழி வராமலே பியர் நன்றாகப் புளித்துக்கொண்டிருக்கும். குமிழியை எண்ணாமல், அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள்: 1.048-இல் தொடங்கியது 1.010 வாக்கில் இறங்கி, மூன்று நாள் ஒரே அளவில் நின்றால் முடிந்தது. அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

கண்ணாடி தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: ஒரு மாதத்துக்கு மேல் ஊறவேண்டிய சரக்கு. தேன் மது, புளிப்பு பியர், பார்லி ஒயின் இவையெல்லாம் அந்த வகை. ஹெச்.டி.பி.இ. மெதுவாக ஆக்சிஜனை உள்ளே விடும். இரண்டு மூன்று வாரத்தில் தெரியாது, மாதக் கணக்கில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். கண்ணாடி விடாது. நீண்ட நாள் வைக்கும்போது குடுவையைக் கழுத்துவரை நிரப்புங்கள், மேலே காற்று இருந்தால் கண்ணாடியாலும் பயனில்லை.

கண்ணாடிக் குடுவையின் ஆபத்தைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். 23 லிட்டர் நிரம்பிய குடுவை 30 கிலோவை நெருங்கும். ஈரக்கையால் தூக்கவே கூடாது. கழுத்தில் மாட்டும் கைப்பிடி காலிக் குடுவைக்கு மட்டும்தான். பால் கிரேட்டுக்குள் வைத்து இரண்டு பேராகத் தூக்குங்கள், செருப்பில்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். கொதித்த வோர்ட்டை (இன்னும் புளிக்காத பியர்ச் சாறு) ஆறாமல் ஊற்றினால் அடி விரிசல் விட்டுச் சமையலறை முழுக்க வழியும். 20, 22 டிகிரிக்கு ஆறவிட்டே ஊற்றுங்கள். ஒடுங்கிய கழுத்தில் நுரையும் ஹாப்ஸும் (பியருக்குக் கசப்பு தரும் பூ) அடைத்தால் அழுத்தம் ஏறி அடைப்பான் கூரைக்குப் பறக்கும். முதல் மூன்று நாள் ஏர்லாக்குக்குப் பதிலாகத் தடித்த குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாத்திரத்தில் விடுங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் எடுக்கும், கருப்புத் துணி சுற்றுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் பி.இ.டி. (குளிர்பான பாட்டில் பிளாஸ்டிக்) குடுவை இருக்கிறது: இலேசு, உடையாது. ஆனால் சூடான தண்ணீர் ஊற்றினால் கோணிவிடும். தூக்கும்போது பக்கம் நசுங்கி ஏர்லாக் தண்ணீர் உள்ளே இழுபடும். ஏர்லாக்கில் கொதித்து ஆறிய தண்ணீரோ வோட்காவோ ஊற்றி வையுங்கள்.

கிருமி நீக்கத்துக்குக் கழுவத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமில வகை சிறந்தது. ஜிக் ப்ளீச் மட்டும்தான் இருக்கிறது என்றால் வாசனை சேர்க்காததை லிட்டருக்கு 4 மி.லி. கலந்து 20 நிமிடம் வைத்து, கொதித்து ஆறிய தண்ணீரால் நன்கு அலசுங்கள். மிச்சம் இருந்தால் பியரில் மருத்துவமனை வாடை வரும். ஜிக்கோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

இனி சூடு. புளிக்கும் பியர் அறையைவிட 3 முதல் 5 டிகிரி அதிகமாக இருக்கும். ஜனவரியில் அறை 28 என்றால் உள்ளே 32. ஏல் வகை பியருக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 வேண்டும். ஈரச்சாக்கு சுற்றும் வித்தை ஜோஹன்னஸ்பர்க் வறட்டுக் காற்றில் பலிக்கும், டர்பன் ஈரப்பதத்தில் பலிக்காது. பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, 2 லிட்டர் குளிர்பான பாட்டிலில் உறையவைத்த ஐஸைப் போடுங்கள். 20 லிட்டர் பியரும் 20 லிட்டர் தொட்டித் தண்ணீரும் ஒரு பாட்டில் முழுதாக உருகினால் சுமார் 4 டிகிரி இறங்கும். காலையும் மாலையும் மாற்றுங்கள். மின்வெட்டு நேரத்திலும் அந்த நீர் சட்டென்று சூடேறாது.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஜூன், ஜூலையில் போடுங்கள். இல்லையா, 35 டிகிரியிலும் கெடாமல் புளிக்கும் நார்வே க்வைக் ஈஸ்ட்டை வாங்கிக் கோடையிலும் வாளியிலேயே போடலாம்.