விக்டோரியா கால வரிசை வீடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வெல்ஷ் தெருக்கள் என்ற பகுதி, பக்கச் சுவர்கள் ஒட்டி வரிசையாக நிற்கும் விக்டோரியா கால வீடுகளால் ஆனது. அதை இடித்துத் தள்ளப் பல ஆண்டுகள் திட்டம் போட்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் பிறந்த மாட்ரின் தெரு அங்கேதான் இருக்கிறது. 2015இல் அரசு அந்தத் திட்டத்தை நிராகரித்தது. பிறகு வீடுகளைச் சீரமைத்தார்கள், குடும்பங்கள் குடிவந்தன.

தொழிலாளர் வரிசை வீடு என்றாலே சேரி என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. முதுகோடு முதுகு ஒட்டி, மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவராக, காற்றோட்டமே இல்லாமல் கட்டிய வீடுகள் மோசமானவைதான். ஆனால் 1875 பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பின் நகராட்சி விதிகளின்படி எழுந்த வீடுகளுக்கு அகலமான தெருவும் பின்முற்றமும் கிடைத்தன. டைட்டஸ் சால்ட் தன் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1850களில் கட்டத் தொடங்கிய சால்டேர் கிராமம், 2001 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

சரி, வீடு இடிபடாமல் தப்பித்துவிட்டது. அதன் பிறகு அதைக் கெடுப்பது பெரும்பாலும் சிமெண்ட். இந்தச் சுவர்கள் பொதுவாக 9 அங்குலக் கெட்டிச் சுவர்கள், நடுவில் இடைவெளி கிடையாது. செங்கற்களைப் பிணைப்பது சுண்ணாம்புக் காரை. மழையில் ஊறும் ஈரம் அந்தக் காரை வழியாகத்தான் காய்ந்து வெளியேறும். காரையைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் அடைத்தால் ஈரம் செங்கல்லிலேயே தங்கிவிடும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். உதிர்ந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கூலி கூடினாலும் பரவாயில்லை, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையே தேடிப் பிடியுங்கள்.

சுவரடியில் ஈரம் தெரிந்தால் உடனே சுவருக்குள் ஈரம் தடுக்கும் ரசாயனம் செலுத்தச் சொல்வார்கள். அதற்கு முன் மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, வெளியே தரைமட்டம் உயர்ந்து, நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் ஈரத்தடுப்பு வரிசையை மூடிவிட்டதா என்று பாருங்கள். அப்புறம், சுவரின் கீழே துளையுள்ள செங்கற்கள் இருக்கும். குளிர்காற்று வருகிறது என்று அவற்றை அடைத்துவிடாதீர்கள். மரத்தரைக்கு அடியில் காற்று ஓடுவதற்காக வைத்தவை அவை. அடைத்தால் தரையைத் தாங்கும் உத்தரங்கள் மக்கிப்போகும்.

கூரையில் வேல்ஸ் கற்பலகைகளை எடுத்துவிட்டுக் கனமான கான்கிரீட் ஓடு போட்டால் கைமரங்கள் தொய்யும். மர ஜன்னலின் கீழ்ச்சட்டம் மட்டும் மக்கியிருந்தால் அதை மட்டும் மாற்றலாம், முழு ஜன்னலையும் பிளாஸ்டிக்காக்கத் தேவையில்லை.

அறையைப் பெரிதாக்க, கீழ்த்தளத்துப் புகைபோக்கிச் சுவரை மட்டும் இடிப்பது ஆபத்து. மேல்தளத்தில் நிற்கும் செங்கற்களின் பாரம் முழுவதும் அதன்மேல்தான் இருக்கிறது. முதலில் பொறியாளரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் பொதுச் சுவரை வெட்டுவதானால், 1996 பொதுச் சுவர் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு 2 மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.