பிரேக் டிஸ்க் மாற்றும்போது முன்சில்லு பெயாரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகன் ஆர், விட்ஸ், அக்சியோ என இன்று கொழும்பு வீதிகளில் நிறைந்திருக்கும் முன்சில்லு இயக்கக் கார்களில் முன் பெயாரிங்கைச் சரிசெய்ய இடமேயில்லை. அது மூடிய அமைப்பு. ஆட்டமோ இரைச்சலோ வந்தால் மாற்றத்தான் வேண்டும். சில்லைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி ஆட்டத்தைப் போக்க முயல்வது வீண் வேலை.

கொரோலா டிஎக்ஸ் வேகன் போன்ற பழைய பின்சில்லு இயக்க வண்டிகளின் நிலை வேறு. அவற்றில் டிஸ்க்கை மாற்ற ஹப்பையே (சில்லு பூட்டப்படும் நடுப்பகுதியையே) கழற்ற வேண்டியிருப்பதால், கூம்பு உருளை பெயாரிங்கை மீண்டும் அளவாக அமைப்பது அந்த வேலையின் பிரிக்க முடியாத பகுதியாகிறது. இங்கே அதிகம் நிகழும் தவறு, சில்லு கழன்றுவிடும் என்ற அச்சத்தில் பெயாரிங் நட்டை முழுப் பலத்துடன் இறுக்கிவிடுவதாகும். நட்டைக் காப்பது இறுக்கமன்று, அதன் குறுக்கே செருகி வளைக்கும் ஸ்பிளிட் பின் என்னும் கம்பி ஊசி. அளவுக்கு மீறி இறுக்கினால் உருளைகள் சூடேறி, கிறீஸ் உருகி, பெயாரிங் விரைவில் எரிந்துபோகும். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே மிதமாக இறுக்கி உருளைகளை அவற்றின் இடத்தில் அமரச் செய்து, பிறகு நட்டைத் தளர்த்தி, விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் திருப்புவதே பொதுவான முறை. பல வாகனங்களுக்கு 0.03 முதல் 0.13 மில்லிமீற்றர் வரையான அச்சு ஆட்டம் (ஹப் உள்ளும் வெளியும் அசையும் அளவு) ஏற்கத்தக்கது. ஆனால் டொயோட்டா போன்றோர் ஹப் சுழலத் தொடங்கும் விசையை ஸ்பிரிங் தராசால் அளக்கச் சொல்வதால், உங்கள் வண்டியின் கையேடே இறுதி வார்த்தை. பிரேக் பாட்கள் டிஸ்க்கில் உரசிக்கொண்டிருக்கையில் இந்த ஆட்டத்தை அளந்தால் அது தெரியாமலே மறைந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மறுபக்கம், தளர்வாக விட்டாலும் தொல்லைதான். டிஸ்க் அசைந்து பாட்களைப் பின்னுக்குத் தள்ளுவதால் பிரேக் மிதி ஆழமாகப் போகும். பழி புதிய டிஸ்க்கின் மேல் விழும்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் புதிய பெயாரிங் வாங்கினால், ஹப்புக்குள் இருக்கும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வளையத்தில் புதிய உருளைகள் சரியாக ஓடா. வெள்ளநீரில் ஓடிய வண்டியின் கிறீஸ் பால்போல் வெளுத்திருந்தால் அதன்மேல் புதியதைப் பூசாமல், மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, உருளைகளுக்கிடையே கிறீஸை அழுத்தி நிரப்ப வேண்டும். கழுவிய பெயாரிங்கைக் கொம்பிரசர் காற்றால் சுழற்றுவது, கராஜ்களில் விளையாட்டாகச் செய்யப்பட்டாலும், ஆபத்தானது. பழைய ஸ்பிளிட் பின்னையும் எண்ணெய் சீலையும் மீண்டும் பொருத்தாதீர்கள். பிரேக் பாட்களைத் தாங்கும் கலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள்.

வேலை முடிந்ததும் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்தி உறுதி வந்த பின்னரே வண்டியை நகர்த்துங்கள். பின்னர் பிரேக்கை அதிகம் பாவிக்காமல் சிறிது தூரம் ஓட்டி, இரு பக்க ஹப் மூடிகளையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் அந்த நட்டை மீண்டும் திறந்து பார்க்க வேண்டும்.