பழைய புல்லட்டின் சி.பி. பாயிண்ட்டை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் எல்லோருடைய கையும் முதலில் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. ஜெட்டைக் கழற்றி ஊதுவார்கள், ஏர் ஸ்க்ரூவைத் திருகுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள். வண்டி அப்போதும் கிளம்பாது. நன்றாக இருந்த கார்புரேட்டர் செட்டிங்கும் கூடவே கலைந்துபோயிருக்கும். நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய வண்டியில் ஒரே இரவில் கார்புரேட்டர் கெடுவது அபூர்வம். என் வண்டியிலும் நண்பர்கள் வண்டிகளிலும் பார்த்த வரையில், இப்படித் திடீரென்று நின்றுபோகும் புல்லட்டில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது சி.பி. பாயிண்ட்டைத்தான். சி.பி. என்றால் கான்டாக்ட் பிரேக்கர்; இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டுவிட்டு அறுக்கும் சுவிட்ச்.

இந்த விளக்கம் பாயிண்ட் வைத்த 350 சிசி புல்லட்டுக்கானது. பிந்தைய சில வண்டிகளில் எலக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கும்; அவற்றுக்கு இது பொருந்தாது. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் வண்டியின் வலதுபுறம், சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் வட்ட மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு கேமும் (மேடு வைத்த சுழலும் பாகம்), அதைத் தொட்டபடி திறந்து மூடும் இரண்டு உலோகப் புள்ளிகளும் தெரிந்தால் மேலே படிக்கலாம்.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து, திருவொற்றியூர் ஆலையில் இந்த 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் இன்ஜின் அடிப்படை மாறாமல் அரை நூற்றாண்டு வந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1970-இல் மூடப்பட்ட பிறகும் இங்கே நிற்கவில்லை. அதனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் பாயிண்ட் செட், கண்டென்சர் இரண்டும் கேட்டதும் எடுத்துத் தருவார்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்: ஆம்ப்மீட்டரைப் பாருங்கள்

ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன ஆம்ப்மீட்டரைப் பலரும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இந்த வண்டியிலேயே மிகவும் பிடித்த பாகம் அதுதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் போகும். முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் கரண்ட் அறும். அந்த நொடியில்தான் பிளக்கில் ஸ்பார்க் வரும், முள் நடுவுக்குத் திரும்பும்.

ஆகவே சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டால் எளிதாக இறங்கும். முள் மைனஸுக்குப் போவதும் நடுவுக்கு வருவதுமாக இருந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது என்று அர்த்தம். எவ்வளவு அமுக்கினாலும் முள் அசையவே இல்லை என்றால், பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும், அல்லது வழியில் ஏதோ ஒயர் விட்டிருக்க வேண்டும், அல்லது பாயிண்ட் மூடினாலும் அழுக்கால் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். ஹாரன் அடித்துப் பாருங்கள். ஹாரன் கணீரென்று கேட்டால் பேட்டரி மேல் குற்றமில்லை. முள் மைனஸிலேயே நின்று திரும்பவே மாட்டேன் என்கிறதா? அதற்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், தாண்டிப் போகாதீர்கள்.

பார்த்து முடித்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடியே இருந்தால் காயில் சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

என்னென்ன வேண்டும்

நுனி தேயாத சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு), மெல்லிய தட்டை அரம், கொஞ்சம் பெட்ரோல், சில பழைய விசிட்டிங் கார்டுகள், சிறிது கிரீஸ். ஃபீலர் கேஜில் மட்டும் காசு பார்க்காதீர்கள். தடிமன் எண் அழியாமல் தெளிவாகப் பொறித்த நல்ல கேஜ் ஒன்று வாழ்நாள் முழுக்க வரும். ஷேவிங் பிளேடை உடைத்து அளவு பார்ப்பது, போஸ்ட் கார்டைச் செருகிப் பார்ப்பது எல்லாம் நடுரோட்டில் வேறு வழியில்லாதபோது செய்ய வேண்டியவை.

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பல ஒர்க்‌ஷாப்பில் அதைத்தான் மடித்துச் செருகித் தேய்க்கிறார்கள். அதன் துகள் பாயிண்ட்டின் முகத்தில் பதிந்துகொண்டு, சில நாளில் மறுபடி கருக்கிவிடும்.

திறப்பதும் துடைப்பதும்

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் இல்லாவிட்டால் இன்ஜினைச் சுற்றுவது சுலபம். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கிக் கையால் சுற்றினால் இன்ஜின் நாம் நினைத்த இடத்தில் நிற்கும். நின்றிருக்கும் வண்டியில் டாப் கியர் சட்டென்று விழாது. சக்கரத்தை லேசாக ஆட்டிக்கொண்டே கியரை மாற்றினால் விழும்.

பாயிண்ட்டின் இரு முகங்களையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் சிறு மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் அரத்தால் மேட்டை மட்டும் லேசாக ராவுங்கள். குழி மறையும் வரை ராவ வேண்டியதில்லை. ஆழமாகக் கருகி நீலம் பாய்ந்திருந்தால் பாயிண்ட் செட்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். பாயிண்ட் திறக்கும்போது அதன் வாயில் தீப்பொறி தாவாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சரின் வேலை. அது பலவீனமானால் புதுப் பாயிண்ட்டும் சீக்கிரம் கருகிப்போகும்.

புதுப் பாயிண்ட் மாட்டும்போது: ஃபைபர் வாஷர்

முள் மைனஸிலேயே நிற்கும் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. இந்த ஓரிடத்தில் பொறுமையாக இருங்கள்.

அசையும் பாயிண்ட்டின் ஸ்பிரிங், காயிலிலிருந்து வரும் ஒயர், கண்டென்சர் ஒயர் ஆகிய மூன்றும் ஒரே திருகில் சேர்கின்றன. இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஆனால் கீழே இருக்கும் உலோகத் தட்டை எதுவுமே தொடக்கூடாது. அதற்காகத்தான் அங்கே ஃபைபர் வாஷரும் புஷ்ஷும் இருக்கின்றன. வாஷரை வரிசை மாற்றிப் போட்டாலோ, ஒயரின் முனை கொஞ்சம் திரும்பித் தட்டில் உரசினாலோ கரண்ட் நேராக எர்த் ஆகிவிடும். அப்புறம் பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் காயிலுக்கு வித்தியாசமே தெரியாது, ஸ்பார்க் வராது. கண்ணுக்கு எல்லாம் சரியாக மாட்டியிருப்பது போலவே தெரியும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

எனவே கழற்றுவதற்கு முன் மொபைலில் ஒரு போட்டோ, ஒவ்வொரு வாஷரை எடுக்கும்போதும் இன்னொரு போட்டோ. கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளின் மேல் அடுக்கி வையுங்கள். மாட்டி முடித்ததும் பாயிண்ட் வாய்க்கு நடுவே காய்ந்த அட்டைத் துண்டைச் செருகிச் சாவியைப் போடுங்கள். அட்டை இருப்பதால் கரண்ட் போக வழியில்லை. முள் நடுவில் நிற்க வேண்டும். அப்போதும் மைனஸுக்குச் சாய்ந்தால் எங்கோ எர்த் ஆகிறது. ஹெட்லைட், பிரேக் லைட் எரியவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவையும் முள்ளை இழுக்கும். வாஷர் சரியாக இருந்தும் எர்த் ஆகிறதென்றால் கண்டென்சர் ஒயரை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். முள் நடுவுக்கு வந்தால் கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது.

கேப் வைப்பது

சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, கேமின் மேடு பாயிண்ட்டின் குதிகாலை (கேமில் உரசும் பகுதி) முழுக்கத் தூக்கியிருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேம் இன்ஜினின் பாதி வேகத்தில்தான் சுழலும், அதனால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். பாதித் திறப்பில் அளந்துவிட்டால் மேலே செய்ததெல்லாம் வீண். கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டி, இதற்கு மேல் திறக்காது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேப், அதாவது முழுக்கத் திறந்த பாயிண்ட்டின் இரு முகங்களுக்கும் நடுவிலான இடைவெளி, 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. 0.35 பிளேடு தடையில்லாமல் நுழைய வேண்டும், 0.40 பிளேடு லேசாகப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டும். லாக் ஸ்க்ரூவைக் கால் சுற்று மட்டும் தளர்த்தித் தட்டை நகர்த்துங்கள். முழுக்கத் தளர்த்தினால் தட்டு தன்னிஷ்டத்துக்கு ஓடும். இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போதே தட்டு சற்று நகர்வது இயல்பு.

சரி, இப்போது எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம். ஃபீலர் கேஜின் பிளேடுகளில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருக்கும். அந்தப் பிளேடைப் பாயிண்ட்டுக்குள் விட்டு எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணெய்ப் படலம் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு போதும், கரண்ட் போகாது. துடைத்தாயிற்று, கேப் வைத்தாயிற்று, ஆனாலும் ஸ்பார்க் இல்லை என்று புதுக் காயில் வாங்கப் போகிறவர்கள் நிறையப் பேர். அளந்து முடித்த பிறகு விசிட்டிங் கார்டின் அச்சடிக்காத பக்கத்தைப் பெட்ரோலில் நனைத்து, மூடிய பாயிண்ட்டுக்கு நடுவே இழுங்கள். பிறகு காய்ந்த கார்டு ஒன்றை, கறை வராத வரை இழுங்கள். நூல் பிசிறும் துணி வேண்டாம். ஒரே ஓர் இழை சிக்கினாலும் பாயிண்ட் மூடாது. அப்புறம் ஆம்ப்மீட்டர் சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.

டைமிங்

கேப்பை மாற்றினால் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் வரும் நேரமும், மாறும். கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், ஸ்பார்க் முந்தும், குறைந்தால் பிந்தும். அதனால் கேப் முதலில், டைமிங் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, உடனிருக்கும் ஒருவரைச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். ஒரு நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ராவைப் பிஸ்டன் மேல் படும்படி விட்டுப் பிஸ்டன் உச்சிக்கு வருவதைப் பாருங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். சாவியைப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சுற்றினால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம் இருக்கும்போது முள் மைனஸிலிருந்து நடுவுக்குத் தாவ வேண்டும். அப்படித் தாவினால் டைமிங்கைத் தொட வேண்டாம்.

தாவும் இடம் தள்ளியிருந்தால், பாயிண்ட் இருக்கும் வட்டக் கூடான டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்பைத் தளர்த்தி, அதை ஒரு நூலளவு திருப்புங்கள். கேம் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் ஸ்பார்க் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். சந்தேகமாக இருந்தால் பிந்திய பக்கமே வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிந்தினால் வண்டி மந்தமாகும், சூடேறும். அதை மறுநாள் திருத்தலாம். அதிகம் முந்தினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் எலும்பு முறிந்தவர்கள் உண்டு.

மூடியைப் போடும் முன் கேமின் மேல் அரிசியளவு கிரீஸ் தடவுங்கள். அதிகம் வேண்டாம், சூட்டில் உருகிப் பாயிண்ட் மேல் தெறிக்கும்.

பிளக்கில் ஸ்பார்க் பார்க்க வேண்டுமானால் பிளக்கை அதன் ஒயர் மூடியோடு சேர்த்துச் சிலிண்டர் ஃபின் மேல், பிளக் ஓட்டைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். பெட்ரோலில் நனைத்த கார்டு, துணி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

படித்தவர்கள் கேட்டதிலிருந்து சேர்த்தவை

குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, சூடானதும் மிஸ் ஆகி நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பாயிண்ட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துப் பயனில்லை. முதலில் கண்டென்சரை மாற்றுங்கள், விலை குறைவு. அதன் பிறகும் தொடர்ந்தால் காயில்.

வைத்த கேப் சில வாரத்திலேயே சுருங்கிவிடுகிறது என்று இன்னொரு கேள்வி. குதிகால் தேய்கிறது. கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கும், அல்லது பாயிண்ட் செட் மட்டமானதாக இருக்கும். புதுக் குதிகால் கேமோடு பழகும்வரை கொஞ்சம் தேய்வது வழக்கம்தான். எனவே புதிதாக மாட்டிய பாயிண்ட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திறந்து அளந்துவிடுங்கள்.

எலக்ட்ரானிக் கிட் மாட்டிவிட்டால் இந்த வேலையே இல்லையே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உண்மைதான், தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கு அது வசதி. நான் பாயிண்ட்டிலேயே இருக்கிறேன். கிட் போனால் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்ற வேண்டும். பாயிண்ட் போனால் ஸ்க்ரூ டிரைவரும் விசிட்டிங் கார்டும் இருந்தால் ஏற்காட்டு மலைப்பாதையிலும் சரிசெய்துகொள்ளலாம்.

தூரப் பயணம் போகிறவர்கள் டூல் பாக்ஸில் ஒரு பாயிண்ட் செட், ஒரு கண்டென்சர், இரண்டு ஃபைபர் வாஷர் வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாயிண்ட்டின் முகத்திலும் துருத்தடுப்பு எண்ணெய் இருக்கும். அதை வீட்டிலேயே துடைத்து, ஒருமுறை வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்து, பிறகு கழற்றிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள்.