ஈயமில்லாத போர்டில் சால்டர் வைப்பது எப்படி

மின்னணுப் பொருட்களின் போர்டு பழுது பார்க்கும் மேசையில் இருபது வருடமாக உட்காருகிறேன். புதிதாக வரும் பையன்களிடம் சால்டரை உருக்கும் அயர்னைக் கொடுப்பதற்கு முன்னால் சால்டர் சுருளின், அதாவது பாகங்களைப் போர்டில் உருக்கி ஒட்டும் உலோகக் கம்பிச் சுருளின், லேபிளைப் படிக்கச் சொல்வேன். 63/37 என்றிருந்தால் 63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் ஈயம். 183 டிகிரியில் சட்டென்று உருகி, சட்டென்று உறையும். எஸ்.ஏ.சி. 305 என்றிருந்தால் ஈயம் கிடையாது. 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 வெள்ளி, அரை சதவீதம் செம்பு. அது உருக 217 முதல் 220 டிகிரி வேண்டும்.

ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் அதற்குத் தடை போட்டது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1996-ல், அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஐவர் ஆண்டர்சன் என்ற உலோகவியலாளரும் கூட இருந்தவர்களும் வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த சால்டருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். சுத்த வெள்ளீயம் 232 டிகிரியில்தான் உருகும். இந்தக் கலவை 217-லேயே உருகிவிடும். அந்த 15 டிகிரி, சூட்டில் இளகும் சாக்கெட்டுகளுக்கு எவ்வளவு பெரிய காவல் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். செட்டாப் பாக்ஸில் அடாப்டர் குத்தும் சாக்கெட் ஆடுகிறது, படம் விட்டு விட்டு வருகிறது. அடாப்டரைக் கழற்றிவிட்டு, போர்டின் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். பின்னைச் சுற்றி மயிரிழை போல ஒரு கறுப்பு வளையம் தெரியும். பல் குத்தும் குச்சியால் பின்னை லேசாக அசைத்தால் வளையம் திறந்து மூடும். அதுதான் விரிசல்.

சால்டர் மங்கலாக இருப்பதை வைத்து டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத இணைப்பு, என்று முடிவு கட்டாதீர்கள். ஈயமில்லாத சால்டர் உறையும்போதே சொரசொரப்பாகத்தான் உறையும். ஆரம்பத்தில் நானும் அந்த மங்கலைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சூடாக்கி, பின்னைச் சால்டர் பிடிக்கும் செம்புத் தகடான பேடு போர்டிலிருந்து உரிந்து வந்துவிட்டது. வாடிக்கையாளருக்குப் புது போர்டு வாங்கிக் கொடுத்தேன்.

அயர்னை 350 டிகிரிக்கு வையுங்கள். ஊசி முனை வேண்டாம், உளி முனை போடுங்கள். சூடு நன்றாக இறங்கும். விரிசலில் பிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்டிப் பரவ உதவும் பசை) தடவி, கொஞ்சம் 63/37 சேர்த்து உருக்குங்கள். பழைய சால்டரும் இதுவும் கலந்ததும் சீக்கிரம் இளகும். விக் (உருகிய சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, மறுபடி பிளக்ஸ் போட்டு, எஸ்.ஏ.சி. சால்டரைப் புதிதாக வையுங்கள். பழசின் மேலேயே புதுசை அப்பாதீர்கள்.

பின்னையும் பேடையும் அயர்ன் முனை ஒருசேரத் தொட வேண்டும். சால்டர் பின்னோடு ஏறிப் பாவாடை மாதிரி விரிந்ததும் அயர்னை எடுத்துவிடுங்கள். மூன்று நான்கு விநாடி போதும். அந்த நேரத்தில் வெள்ளீயமும் செம்பும் கலந்து மெல்லிய படலம் ஒன்று உருவாகும். பிடிப்பே அதில்தான் இருக்கிறது. அதிக நேரம் காய்ச்சினால் படலம் தடித்து, சாக்கெட்டை நாலு முறை இழுத்தாலே நொறுங்கும். உறையும் வரை பின்னை அசைக்கக் கூடாது.

அப்புறம், அயர்னை அணைக்கும் முன் முனையில் தாராளமாகச் சால்டர் பூசி விடுங்கள், இல்லையென்றால் கறுத்துப்போகும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு டீ குடிக்கப் போங்கள்.