சோம்பு தட்டு கணக்கு அங்க செல்லாது: வெளிநாட்டு ஹோட்டல்ல டிப்ஸ் வைக்கிறதுல நாம பண்ற தப்புங்க

2018-ல முதல் தடவையா அமெரிக்கா போனப்ப நியூஜெர்சில மச்சினன் வீட்லதான் தங்கியிருந்தேன். ஒரு நாள் ராத்திரி நாலு பேரா வெளிய சாப்பிடப் போனோம், "இன்னிக்கு பில் என்னோடது, யாரும் கைய வைக்கக்கூடாது"ன்னு உக்காந்த உடனேயே பந்தாவா சொல்லிட்டேன். சாப்பாடு 76 டாலர், டாக்ஸ் சேத்து 81 டாலர் 4 சென்ட். 85 டாலர எண்ணி அந்த கருப்பு ஃபோல்டர்க்குள்ள வச்சு மூடிட்டு எழுந்துட்டேன். மிச்சம் கிட்டத்தட்ட நாலு டாலர், அப்ப இருந்த ரேட்டுக்கு 270 ரூபா கிட்ட வருது, நம்ம ஊர்ல எந்த சப்ளையருக்கு யாரு 270 ரூபா குடுத்திருக்கா, சோம்பு தட்டுல இருபது ரூபா வச்சாலே பெரிய மனுஷன்தான், அதனால எனக்கு மனசுக்குள்ள ஒரே பெருமை.

வாசக் கதவு கிட்ட போறதுக்குள்ள அந்த சர்வர் பொண்ணு பின்னாடியே வந்து, முகத்துல சிரிப்பு மாறாம, "எல்லாம் சரியா இருந்துச்சா, ஏதாவது குறையா"ன்னு கேட்டுச்சு. எவ்ளோ அக்கறைன்னு நினைச்சுக்கிட்டு "சூப்பர், தேங்க்யூ"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கார்ல பெல்ட்ட மாட்டும்போது மச்சினன் கேட்டான், "மாமா, டிப்ஸ் எவ்ளோ வச்சீங்க?" சொன்னேன். ஒண்ணும் பேசாம இஞ்சின ஆஃப் பண்ணிட்டு இறங்கி உள்ள போய், இன்னொரு பத்து டாலர அந்தப் பொண்ணு கைல குடுத்துட்டு வந்தான். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ரேடியோ மட்டும்தான் பேசிச்சு.

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. அமெரிக்காவுல டிப்ஸ் வாங்கற வேலைக்கு ஃபெடரல் சட்டப்படி முதலாளி குடுக்க வேண்டிய குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட், 1991-லேருந்து அந்த நம்பர் அசையவே இல்ல. மத்தவங்களுக்கு 7 டாலர் 25 சென்ட், அது 2009-லேருந்து அப்படியே நிக்குது. டிப்ஸோட சேத்தும் அந்த 7.25 வரலேன்னா மிச்சத்த முதலாளி போடணும்னு சட்டம் இருக்கு. நிறைய மாநிலத்துல கூலி இதவிட அதிகம், கலிபோர்னியா, வாஷிங்டன், ஒரேகான் மாதிரி இடங்கள்ல டிப்ஸ கழிக்காம முழு கூலியும் குடுத்தாகணும், ஆனா அங்கயும் டிப்ஸ் பழக்கம் அப்படியேதான் இருக்கு. என்னைக் கேட்டா இது முதலாளி தன் தலைல இருக்கற சம்பளத்த கஸ்டமர் தலைல தூக்கி வைக்கிற வேலைதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கோவத்த ராத்திரி பத்து மணிக்கு நம்ம டேபிள தொடைக்கிற பொண்ணு மேல காட்டறதுல என்ன நியாயம்?

அதனால முதல் தப்பு, ரூபாய்ல மாத்திப் பாக்கறது. 18 பர்சென்ட் டிப்ஸ ரூபாய்ல மாத்தினா ஆயிரத்தத் தாண்டும், நெஞ்சு அடைக்கத்தான் செய்யும், ஆனா அதே கணக்குல அங்க சாப்பிடற தோசையும் நம்மூர் காசுக்கு ஆயிரத்துக்கு மேலதான், அத ஆர்டர் பண்ணும்போது அடைக்காத நெஞ்சு இப்ப மட்டும் ஏன் அடைக்குது. மெனுவப் பாக்கும்போதே விலையோட டாக்ஸையும் ஒரு இருபது பர்சென்ட்டையும் சேத்துப் பாத்துடுங்க, அதுதான் நிஜமான விலை. உக்காந்து சாப்பிட்டா 15-லேருந்து 20 வரைக்கும், இப்பல்லாம் பெரிய ஊர்கள்ல 18, 20தான் சாதாரணம். டாக்ஸுக்கு முன்னாடி இருக்கற தொகைக்குப் போட்டாப் போதும். என் பில்லுக்கு 76-ல 18 பர்சென்ட், 13 டாலர் 68 சென்ட், நான் வச்சது நாலு. நியூயார்க் சிட்டியில டாக்ஸ் 8.875 பர்சென்ட், அங்க இருக்கறவங்க அந்த டாக்ஸ ரெண்டால பெருக்கி டிப்ஸா போட்டுடுவாங்க, கால்குலேட்டர் தேவையில்ல. கூப்பன், ஆஃபர்னு பில் குறைஞ்சிருந்தா குறையறதுக்கு முன்னாடி இருந்த விலைக்குக் கணக்கு பண்ணணும், சர்வர் என்ன பாதித் தட்டா தூக்கிட்டு வந்தாரு?

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச குழப்பம். ஆறு பேர், எட்டு பேருக்கு மேல போனா நிறைய ஹோட்டல்ல அவங்களே 18 பர்சென்ட் பில்லுல சேத்துடுவாங்க, அதுக்குப் பேரு கிராஜுவிட்டி. நம்மாளு அந்த வார்த்தையப் பாத்தா அஞ்சு வருஷம் ஒரே கம்பெனில குப்பை கொட்டிட்டு வாங்கற காசுதான் ஞாபகம் வரும், இது ஏதோ அவங்க உள்கணக்குன்னு தாண்டிப் போயிட்டு கீழ இன்னொரு 20 பர்சென்ட் எழுதிடுவாங்க. எங்க சித்தப்பா குடும்பம் பத்து பேரா போனப்ப இதான் நடந்துச்சு, சித்தி இன்னிக்கு வரைக்கும் அத மறக்கல, ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒரு தடவை வெளிய வரும். பில்ல மேலேருந்து கீழ வரைக்கும் படிங்க, அவ்ளோதான். ஏற்கனவே சேத்திருந்தா மறுபடி வைக்கத் தேவையில்ல.

கார்டுல குடுக்கும்போது இன்னொரு வம்பு. சர்வர் கார்ட உள்ள எடுத்துட்டுப் போய் தேய்ச்சுட்டு ரெண்டு சீட்டு கொண்டு வருவாங்க, ஒண்ணு கடைக்கு, ஒண்ணு நமக்கு. கடைச் சீட்டுல டிப்ஸுக்கு ஒரு கோடு, மொத்தத்துக்கு ஒரு கோடு, கீழ கையெழுத்து. நீங்க எழுதற டிப்ஸ் அப்புறமாத்தான் கார்டுல ஏறும், அதனால போன்ல வந்த எஸ்எம்எஸ்ல ஒரு தொகையும் பேங்க் ஸ்டேட்மென்ட்ல வேற தொகையும் இருந்தா ஏமாத்திட்டாங்கன்னு பதறாதீங்க, உங்க சீட்டோட ஒத்துப் பாருங்க. ரெண்டு கோட்டையும் நிரப்புங்க, காலியா விட்டுட்டு வராதீங்க. டிப்ஸ கேஷா வச்சிருந்தா அந்தக் கோட்டுல கேஷ்னு எழுதிட்டா போதும். அவசரத்துல நாம கையெழுத்துப் போட்ட சீட்டையே பாக்கெட்ல வச்சுக்கிட்டு வந்துட்டா, நாம எழுதின டிப்ஸ் அவங்க கைக்குப் போகாமலே போயிடலாம்.

லஞ்ச் பஃபேக்கு நம்ம ஆளுங்க ஒரு வாதம் வச்சிருப்பாங்க, "நாமதானே எழுந்து போய் எடுத்துக்கிட்டோம், அப்புறம் எதுக்கு டிப்ஸ்?" தண்ணி ஊத்தினது, நாலு தடவை எச்சித் தட்ட எடுத்தது, சூடா நான் ரொட்டி கொண்டு வந்து வச்சது எல்லாம் யாரு? அங்க 10 பர்சென்ட் வச்சா மரியாதை. அதே சமயம் காபிக் கவுண்டர்ல ஐபேட திருப்பி 18, 20, 25ன்னு காட்டுவாங்க, பின்னாடி க்யூ நிக்கும், கூச்சத்துல நடு பட்டன அமுக்கிடுவோம். அங்க கட்டாயம் ஒண்ணும் இல்ல, கையில வாங்கிட்டுப் போற காபிக்கு நோ டிப் அமுக்கினா யாரும் துரத்திட்டு வர மாட்டாங்க.

சாப்பாடு லேட்டுன்னு டிப்ஸ மொத்தமா வெட்டறதும் தப்பு கணக்குதான். லேட் ஆனது கிச்சன்ல. நிறைய இடத்துல சர்வர் தனக்கு வர்ற டிப்ஸ்ல தட்டு எடுக்கற பையன், பார்ல இருக்கறவங்கன்னு பங்கு குடுக்கணும், அந்தப் பங்க சில கடைல விற்பனைத் தொகைய வச்சே கணக்கு பண்றாங்க, அப்ப நீங்க ஜீரோ போட்டா உங்க டேபிளுக்கு அவங்க கைக்காசு போகும். நிஜமாவே மோசமா நடந்துக்கிட்டா மேனேஜரக் கூப்பிட்டுச் சொல்லுங்க.

இவ்ளோ படிச்சுட்டு அடுத்த வருஷம் ஜப்பான் போய் அங்கயும் 18 பர்சென்ட் வச்சா அது அடுத்த தப்பு. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் டோக்கியோல ராமென் நூடுல்ஸ் கடையில நாணயத்த மேசை மேல விட்டுட்டு வெளிய வந்துட்டான், ஏப்ரன் கட்டின பையன் தெரு முனை வரைக்கும் ஓடி வந்து ரெண்டு கையாலயும் நீட்டி, மறந்துட்டீங்கன்னு குனிஞ்சு குடுத்துட்டுப் போயிருக்கான். இவன் "இல்ல, உனக்குத்தான்"னு சைகை காட்ட, அவன் பயந்துபோய்த் தலையாட்ட, ரெண்டு பேரும் ரோட்டுல மாத்தி மாத்திக் குனிஞ்சுக்கிட்டு நின்னதுதான் மிச்சம். அங்க பணத்த கவுண்டர்ல இருக்கற குட்டித் தட்டுல வைக்கணும், மிச்சம் பைசா சுத்தமா திரும்பி வரும். நன்றி சொல்லணும்னா கிளம்பும்போது கோச்சிசோசமான்னு ஒரு வார்த்த, கடையே திரும்பிப் பாத்து பதில் சொல்லும். ஆனா இசகாயா மாதிரி குடிக்கிற கடைகள்ல கேக்காமலே ஒரு குட்டிக் கிண்ணத்துல ஏதோ கொண்டு வந்து வைப்பாங்க, அது ஃப்ரீ இல்ல, ஒடோஷின்னு ஆளுக்கு இவ்ளோன்னு பில்லுல வரும், உக்கார்றதுக்கான காசுன்னு வச்சுக்கோங்க, அதுக்காகச் சண்டை போடாதீங்க. கொரியா, சீனாவுலயும் சாதாரண கடைகள்ல டிப்ஸ் பழக்கம் இல்ல.

ஐரோப்பாவ ஒரே நாடுன்னு நினைக்கறதுதான் டூர் போற நம்மாளுங்க பண்ற பெரிய கூத்து. பாரிஸ்ல மெனு விலைக்குள்ளயே சர்வீஸ் அடங்கிடும், பிடிச்சிருந்தா ரெண்டு மூணு யூரோ வச்சுட்டு வாங்க. இத்தாலில கோப்பெர்த்தோன்னு ஆளுக்கு ரெண்டு மூணு யூரோ பில்லுல இருக்கும், அது ரொட்டிக்கும் மேசைக்கும், டிப்ஸும் இல்ல ஏமாத்தும் இல்ல, மெனுவுலயே போட்டிருப்பாங்க. ஜெர்மனில மேசைல காச விட்டுட்டு எழுந்து வர்றது வழக்கம் இல்ல, குடுக்கும்போதே வாயால சொல்லணும். பில் 27.40 யூரோன்னா "முப்பது"ன்னு சொல்லி அம்பது யூரோ நோட்ட நீட்டினா அவங்க இடுப்புப் பர்ஸ்லேருந்து மிச்சத்த எண்ணித் தருவாங்க. அம்பது யூரோவ நீட்டிட்டு நம்ம பழக்கதோஷத்துல தேங்க்யூங்கறதுக்கு "டாங்கே"ன்னு சொல்லிடாதீங்க, மிச்சத்த நீயே வச்சுக்கோன்னு அர்த்தம் ஆயிடலாம்.

லண்டன்ல 12.5 பர்சென்ட் சர்வீஸ் சார்ஜ் பில்லுலயே இருக்கறது சகஜம். இஷ்டம் இருந்தா குடுங்கன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, சர்வீஸ் சரியில்லேன்னா எடுக்கச் சொல்லலாம். சிக்கல் என்னன்னா அது சேந்த பில்லுக்கே கார்டு மெஷின் மறுபடி டிப்ஸ் கேக்கும், நாமளும் மெஷின் கேட்டா குடுக்கணும் போலன்னு அமுக்கிடுவோம். 2024 அக்டோபர் 1-லேருந்து அங்க வர்ற டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் மொத்தத்தையும் ஊழியருக்கே குடுத்தாகணும்னு சட்டம் வந்துடுச்சு, அதனால அந்த 12.5 முதலாளிக்குப் போகுதோன்னு சந்தேகப்பட்டு டபுளா குடுக்க வேணாம்.

சிங்கப்பூர் வேற கதை. மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் இருந்தா ஒண்ணு 10 பர்சென்ட் சர்வீஸ் சார்ஜ், இன்னொண்ணு ஜிஎஸ்டி, அது 2024-லேருந்து 9 பர்சென்ட். ஜிஎஸ்டி அந்த சர்வீஸ் சார்ஜ் மேலயும் ஏறும், அதனால 100 டாலர் சாப்பாடு 119 டாலர் 90 சென்ட்ல நிக்கும். இதுக்கு மேல டிப்ஸ் தேவையில்ல, சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைங்க ஒண்ணா இருக்கற ஹாக்கர் சென்டர்ல சுத்தமா தேவையில்ல, அங்க நீங்க பண்ண வேண்டியது சாப்பிட்ட ட்ரேய எடுத்து ரேக்ல வைக்கிறதுதான், அப்படியே விட்டுட்டு வந்தா அபராதம் வரைக்கும் போகலாம். இந்தியாவுல ஹோட்டல்காரங்க தானா சர்வீஸ் சார்ஜ் போடக்கூடாதுன்னு 2022-ல நுகர்வோர் ஆணையம் சொல்லி, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னு சொன்னதப் படிச்ச ஒருத்தர், இதே வாதத்த சிங்கப்பூர்ல ஒரு ஹோட்டல்ல பில் கவுண்டர்ல எடுத்து விட்டாரு. அந்தப் பொண்ணு பாவம், பொறுமையா கேட்டுட்டு மெனுவ எடுத்து அந்த ரெண்டு ப்ளஸ விரல் வச்சுக் காட்டுச்சு. சட்டம் நம்மளோட ஃப்ளைட் ஏறாது சார்.

எந்த ஊரா இருந்தாலும் கார்டு மெஷின் "ரூபாயா, இந்த ஊர் காசா"ன்னு கேட்டா அந்த ஊர் காசையே அமுக்குங்க, ரூபாய்னா அவங்க போடற ரேட்டுல பெரும்பாலும் ஒரு நல்ல டிப்ஸ் அளவுக்குக் காசு சத்தமில்லாம போயிடும், அது சர்வருக்கும் போகாது. அப்புறம் இங்கேருந்து கிளம்பறப்ப மணி எக்ஸ்சேஞ்ச்ல நூறு டாலர் நோட்டா வாங்கிட்டுப் போகாம ஒண்ணு, அஞ்சுல ஒரு கட்டு கேட்டு வாங்கிக்கோங்க. மச்சினன் இப்பல்லாம் நான் வரேன்னா ஒண்ணு டாலர் நோட்டு இருபது எடுத்து ஒரு கவர்ல போட்டு வைக்கிறான், ஏர்போர்ட்ல கட்டிப்பிடிக்கறதுக்கு முன்னாடியே அத என் சட்டைப் பைல சொருகிடறான்.